இலை கருகாத சூடு

உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் கறுப்புப் பெட்டி. மூடியைத் திறந்தால் சுண்டுவிரல் நுனி நுழையும் அளவுக்கு ஒரு குழி, அதன் அடியில் மெல்லிய எஃகு வலை. பக்கவாட்டில் உள்ள பொத்தானை அழுத்தினால் சின்னத் திரையில் எண்கள் ஏறத் தொடங்கும்: 90, 120, 160, 185. ஒரு நிமிடத்துக்குள் குழியில் போட்ட காய்ந்த இலை சூடேறிவிடும். தீப்பிடிக்காது, சாம்பலும் ஆகாது. தன்னிடம் உள்ள எண்ணெயை மட்டும் ஆவியாக விடும். இழுப்பவருக்குச் சிகரெட்டின் காரம் தொண்டையில் தட்டாது. பக்கத்து அறையில் இருப்பவருக்கு லேசான பச்சிலை வாசம் வரும், அதுவும் சற்று நேரத்தில் போய்விடும். உலர்மூலிகை வேப்பரைசர் என்பது இதுதான்.

நெகிரி செம்பிலானில் ரந்தாவிலும் சிலியாவிலும் லாபுவிலும் ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை வந்தது. செம்பனையும் போன இடங்களில் தாமான்கள் வந்தன. செண்டாயான் தோட்ட நிலம் பண்டார் ஸ்ரீ செண்டாயான் ஆகிவிட்டது. லயத்தில் பிறந்து பெரட்டுக்கு ஓடியவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது நீலாயிலும் செனாவாங்கிலும் ஷிப்டு வேலை பார்க்கிறார்கள், மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். கைப்பேசியில் ஆர்டர் போட்டால் சில நாளில் எந்தப் பெட்டியும் வாசலுக்கு வந்துவிடும். இந்தப் பெட்டியும் அப்படித்தான் வந்து சேர்ந்தது.

வீட்டில் பெரியவர்களுக்கு இது இன்னொரு வேப். பிள்ளைகளோ, "இது வேப் இல்லம்மா, இதுல தண்ணியும் இல்ல, கெமிக்கலும் இல்ல, வெறும் இலைதான்" என்று சாதிக்கிறார்கள். இரண்டு பேச்சிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியை எடுத்துச் சொல்ல ஆள் இல்லாததால்தான் இந்தக் கட்டுரை. பள்ளியில் போதைப்பொருள் தடுப்பு உரை நடக்கிறது, பெரும்பாலும் மலாயில். கோயிலில் அறிவுரை நடக்கிறது, பெரும்பாலும் ஏச்சாக. இலைக்கும் சூட்டுக்கும் என்ன உறவு, கருவியைக் கழற்றி மாற்றிக் கட்டினால் உள்ளே என்ன மாறுகிறது, பிடிபட்டால் சட்டம் எதைப் பார்க்கும் என்பதைத் தமிழில் உட்கார வைத்துச் சொன்னவர்களை நான் பார்க்கவில்லை. நம் பிள்ளைகள் முட்டாள்கள் அல்ல. காரணம் சொன்னால் கேட்பார்கள்.

சூடுதான் எல்லாம்

சிகரெட்டை இழுக்கும்போது அதன் நுனிக்கங்கு ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் வரை போகும். அந்தச் சூட்டில் இலை வெந்து சிதைந்து, ஆயிரக்கணக்கான புதுப்பொருள்களாகப் பிரிகிறது. தார், கார்பன் மோனாக்சைடு, பென்சீன் எல்லாம் பிறப்பது அந்த எரிதலில்தான். இலை எதுவானாலும் இது பொருந்தும். புகையிலை எரிந்தாலும், துளசி எரிந்தாலும், காகிதம் எரிந்தாலும் கார்பன் மோனாக்சைடு வரும். "மூலிகைச் சிகரெட்" என்று விற்கப்படுவதை நம்பி வாங்குபவர்கள் இதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

வேப்பரைசர் அந்த எரிதலுக்கு முன்னால் நின்றுவிடப் பார்க்கிறது. செடியின் மணமும் குணமும் பெரும்பாலும் அதன் எண்ணெய்களில் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு கொதிநிலை உண்டு. யூக்கலிப்டஸ் தைலத்தில் உள்ள சினியோல் 176 டிகிரியில் கொதிக்கும், புதினா வகையின் மென்தால் 212-இல், ஓமத்தின் தைமால் 232-இல். கொதிநிலைக்குக் கீழேயும் இவை ஓரளவு ஆவியாகும். இலையின் நார் கருகத் தொடங்குவதும் கிட்டத்தட்ட இதே எல்லையில்தான், 200-ஐத் தாண்டி 230-ஐ நெருங்கும்போது. ஆக, எண்ணெய் வெளியேறவும் வேண்டும், நார் கருகவும் கூடாது என்றால் கிடைக்கும் இடைவெளி மிகக் குறுகலானது. 180-க்கும் 210-க்கும் நடுவே, 30 டிகிரிக்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும்.

தோட்டத்தில் புகைவீடு பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. ரப்பர் பாலை உறைய வைத்து, உருளையில் கொடுத்து, ஷீட்டாக்கித் தொங்கவிட்டு, நான்கைந்து நாள் மரக்கட்டைப் புகையில் காய வைப்பார்கள். உள்ளே 60 டிகிரிக்குள் நிறுத்தியாக வேண்டும். அடுப்பு பார்ப்பவர் அசந்து சூடு ஏறிவிட்டால் ஷீட்டில் கொப்புளம் தட்டும், தரம் இறங்கும், கிராணியிடம் பேச்சு வாங்க வேண்டியிருக்கும். சூடு குறைந்தால் பூஞ்சை பிடிக்கும். இரவெல்லாம் கட்டையை இழுத்தும் தள்ளியும் வைத்து அந்தச் சூட்டைக் காப்பாற்றியவரின் வேலையைத்தான் இந்தப் பெட்டிக்குள் ஒரு சில்லும் ஓர் உணர்கம்பியும் செய்கின்றன.

கருவிகளில் இரண்டு வகை. ஒன்றில் குழியின் சுவரே சூடாகி, ஒட்டியிருக்கும் இலையைச் சுடும். சுவரை ஒட்டிய இலை முதலில் கருக, நடுவில் உள்ளது பச்சையாகவே நிற்கும், அதனால் பாதியில் கிளறிவிட வேண்டும். மற்றொன்றில் காற்று சூடேறி இலைக்குள் புகுந்து வரும், சீராக வேகும், ஆனால் மின்கலம் சீக்கிரம் தீரும். மலிவு விலைக் கருவிகளில் பெரும்பாலும் முதல் வகையே கிடைக்கும். திரையில் தெரியும் 185 என்பது சுவரின் சூடு, இலையின் சூடு அல்ல. நீளமாக இழுத்தால் வெளிக்காற்று புகுந்து சூட்டை இறக்கும். சில்லு அதை ஈடுகட்ட மின்சாரத்தைக் கூட்டும். இழுப்பதை நிறுத்திய கணத்தில் சுவர் அளவுக்கு மேல் ஏறியிருக்கும். மலிவுக் கருவியில் இந்த ஏற்ற இறக்கம் பெரிதாகவே இருக்கும். இலை பழுப்பாக வெளியே வந்தால் சூடு சரி. கறுப்பாக வந்தால் அது எரிந்திருக்கிறது. எரிந்திருந்தால் சிகரெட்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அங்கேயே முடிந்தது.

இந்த வித்தியாசம் மெய்யானதுதானா என்று சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஜெர்மனியின் டுட்லிங்கன் நகரில் ஸ்டோர்ஸ் அண்ட் பிக்கெல் நிறுவனம் 2000-ஆம் ஆண்டு வால்கேனோ என்ற மேசைக் கருவியைக் கொண்டுவந்தது. எரிமலைக் கூம்பு போன்ற உருவம். ஆவியை ஒரு பையில் நிரப்பிக் கொடுக்கும். டோனால்ட் ஏப்ராம்ஸ் என்ற மருத்துவர் சான் பிரான்சிஸ்கோவில் 18 பேரிடம் இதைச் சோதித்து 2007-இல் முடிவை வெளியிட்டார். கஞ்சாவை எரித்து இழுத்தபோதும் இதில் ஆவியாக்கி இழுத்தபோதும் ரத்தத்தில் சேர்ந்த மருந்தளவு ஒத்திருந்தது, மூச்சில் வெளிவந்த கார்பன் மோனாக்சைடு மட்டும் ஆவி முறையில் மிகக் குறைந்திருந்தது. கருவிக்குச் சாதகமாகச் சொல்லக்கூடிய உண்மை இது, மறைக்கத் தேவையில்லை. ஆனால் அந்த உண்மை எதைச் சொல்கிறதோ அதோடு நிற்கிறது. எரிப்பதால் வரும் கேடு குறைகிறது. உள்ளே இழுக்கும் பொருளின் வீரியம் அப்படியே இருக்கிறது. போதை குறையவில்லை, பழக்கம் குறையவில்லை, 17 வயது மூளையின் மீது அது செய்யும் வேலையும் குறையவில்லை.

சென்னையிலிருந்து போன ஊமத்தை

இலையைச் சூடாக்கி மூச்சில் இழுப்பது நமக்கு ஜெர்மனி கற்றுக்கொடுத்த வித்தை அல்ல. சித்த மருத்துவம் புறமருந்துகளை 32 என்று வகுத்திருக்கிறது. வேதும் புகையும் அவற்றில் தனித்தனி இடம் பெற்றவை. நொச்சித் தழையையும் யூக்கலிப்டஸ் இலையையும் கொதிநீரில் போட்டு, போர்வை போர்த்தி வேது பிடிக்காத தோட்டத்து வீடு உண்டா? அங்கே சூடு 100 டிகிரியைத் தாண்டாது, தண்ணீர் தாண்ட விடாது. சளிக்கு அது போதும்.

இதைவிடப் பெரிய கதை ஒன்று உண்டு. அதிகம் பேர் சொல்லிக் கேட்டதில்லை என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். 1800-களின் தொடக்கத்தில் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை மருத்துவராக இருந்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். இங்குள்ளவர்கள் ஊமத்தையை உலர்த்திப் புகைத்து மூச்சிரைப்பைத் தணித்துக்கொண்டதை அவர் கவனித்தார். ஜெனரல் ஜென்ட் என்ற படை அதிகாரி அந்த முறையை 1802-இல் பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து அது ஐரோப்பா முழுவதும் பரவியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மருந்துக்கடைகளில் ஊமத்தை இலை சுற்றிய ஆஸ்துமா சிகரெட் விற்றது. 20-ஆம் நூற்றாண்டிலும் வெகுகாலம் விற்றது.

அது வேலை செய்ததற்குக் காரணம் உண்டு. ஊமத்தையில் உள்ள அட்ரோபின் வகைப் பொருள்கள் மூச்சுக்குழாய்த் தசையை இறுக்கும் நரம்புச் செய்தியை மறிக்கின்றன. தசை தளர்கிறது, மூச்சு வழி திறக்கிறது. ஆனால் அதே பொருள்தான் இதயத்தைத் தாறுமாறாக அடிக்க வைக்கும், கண்ணை இருட்டும், புத்தியைக் கலக்கும், ஆளையும் கொல்லும். ஒரே வேலியில் நிற்கும் இரண்டு ஊமத்தைச் செடிகளில் நச்சளவு ஒன்றாக இருக்காது. ஒரே செடியில் இலைக்கு ஓர் அளவு, விதைக்கு ஓர் அளவு. அளக்க முடியாத மருந்து மருந்தாக நீடிக்காது. ஆகவே வேதியியலாளர்கள் அட்ரோபினை மாற்றியமைத்து, நுரையீரலில் வேலை செய்து ரத்தத்தில் அதிகம் கலக்காத இப்ராட்ரோபியத்தை உருவாக்கினார்கள். 1970-களிலிருந்து அது பயன்பாட்டில் இருக்கிறது. இன்று மூச்சிரைப்போடு மருத்துவமனைக்கு ஓடினால் முகத்தில் வைக்கும் நெபுலைசரில் அந்த மருந்தும் இருக்கக்கூடும். நம் ஊர் வேலியோர ஊமத்தையின் வழி வந்தது அது.

இதை எழுதக் காரணம், வேப்பரைசர் வாங்கிய சிலர் "இயற்கை மூலிகைதானே" என்ற துணிச்சலில் கையில் கிடைத்த இலையையெல்லாம் குழியில் போட்டுப் பார்க்கிறார்கள். ஊமத்தையையோ அரளியையோ பெயர் தெரியாத காட்டுச்செடியையோ இதில் போடுவது உயிரோடு விளையாடுவது. எரியாததால் புகைநெடி எச்சரிக்காது, இருமல் வந்து தடுக்காது, நஞ்சு முழுதாக உள்ளே போய்விடும். கடையில் வாங்கும் காய்ந்த துளசியும் லாவெண்டரும்கூட டீ போடுவதற்காகக் காயவைக்கப்பட்டவை. அவற்றில் பூச்சிமருந்து எச்சம் உண்டா, பூஞ்சை உண்டா என்று மூச்சுக்காக யாரும் பார்த்ததில்லை. நம் ஊர் ஈரக்காற்றில் திறந்து வைத்த இலை சீக்கிரமே பூஞ்சை பிடித்துவிடும். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது.

நெகிரி செம்பிலானுக்கும் இதில் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. சுங்கை ஊஜோங்கில், அதாவது இன்றைய சிரம்பான் வட்டாரத்தில், ஈயம் தோண்ட வந்த சீனத் தொழிலாளர்கள் இழுத்த சண்டு என்ற அபினும் எரிக்கப்பட்டதல்ல. நீண்ட குழாயின் கிண்ணத்தில் அபின் உருண்டையை வைத்து, எண்ணெய் விளக்கின் மேல் சாய்த்துப் பிடித்து, ஆவியாக்கி இழுப்பார்கள். அந்த ஆவியில்தான் காலனி அரசு செழித்தது. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் நீரிணைக் குடியேற்றங்களின் வருமானத்தில் ஏறத்தாழப் பாதி அபினிலிருந்து வந்தது. பிறகு அரசே அதைத் தயாரித்து விற்றது. ஈயக் கூலிக்குச் சண்டு, தோட்டக் கூலிக்குக் கள்ளு. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் ஆர்.எச். நாதன் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது, தோட்டத்துக் கள்ளுக்கடையை மூட வேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கெடாவில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடை வாசலில் நின்று தடுத்தார்கள். மயக்கத்தை விற்பவர் யார், அதில் லாபம் யாருக்கு என்ற கேள்வியை நம் பாட்டன்மார் துணிந்து கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்வியை இன்றைய விற்பனையாளரிடமும் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

கழற்றினால் என்ன தெரியும்

மாற்றிக் கட்டும் ஆசை நம் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. மோட்டார் சைக்கிள் புகைக்குழாயை மாற்றிய கை, இந்தப் பெட்டியையும் சும்மா விடாது. சிரம்பான் பக்கம் ஒரு கைப்பேசிப் பழுதுக்கடையில் ஓர் இளைஞர் இப்படி ஒன்றைக் கழற்றிக் காட்டினார். நான்கு குட்டித் திருகாணிகள். மேல்மூடிக்குக் கீழே பழுப்பு நிறத்தில் பிசுபிசுவென்று ஒரு பிசின் படிந்திருந்தது. நீண்டநாள் இழுத்த ஆவி குளிர்ந்து உறைந்தது அது. பஞ்சுக்குச்சியை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்துத் துடைத்தபோது குச்சி கறுத்து வந்தது. குழியை ஒட்டி ஒரு மெல்லிய கம்பி, முனையில் கடுகளவு மணி. "அண்ணே, இதுதான் சூடு பாக்குறது. இது செத்துப் போச்சுன்னா பெட்டிக்குக் கண்ணு தெரியாது" என்றார். எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

பிளாஸ்டிக் வாய்க்குழலை எடுத்துவிட்டுக் கண்ணாடிக் குழல் பொருத்துகிறார்கள். வலையை மாற்றுகிறார்கள், ரப்பர் வளையத்தை மாற்றுகிறார்கள், தண்ணீர் வழியாக ஆவி போகுமாறு ஒரு குடுவையைச் சேர்க்கிறார்கள். கண்ணாடிக் குழலில் குற்றம் இல்லை. நீளமான குழல் ஆவியைக் குளிர்விக்கும், கழுவவும் எளிது. கோளாறு வலையில் ஆரம்பிக்கிறது. ஹார்டுவேர் கடையில் வெட்டி வாங்கிய வலை பெரும்பாலும் துத்தநாகமோ வண்ணமோ பூசியது. கொசுவை நிறுத்தவும் மணல் சலிக்கவும் செய்த அந்த வலையின் பூச்சை 200 டிகிரியில் வைத்து நாள்தோறும் இழுப்பதை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. எஃகு வலை சில காசுக்குக் கிடைக்கிறது, இதில் மிச்சம் பிடிக்க ஒன்றும் இல்லை. காற்று போகும் பாதையில் ஈயப்பற்று வைப்பதும், சூட்டில் இளகும் பசையால் ஒட்டுவதும் அதைவிட மோசம். இளகிய பசையின் ஆவி வேறெங்கும் போகாது, இழுப்பவரின் நுரையீரலுக்குத்தான் போகும்.

அடுத்தது சூட்டுக் கட்டுப்பாட்டை ஏமாற்றுவது. தொழிற்சாலை 210-இல் நிறுத்தியதை, உணர்கம்பியின் வழியில் ஒரு மின்தடையைச் சேர்த்து 250-க்கும் மேலே ஏற்றிவிடலாம் என்று காணொளிகளில் பெருமையாகக் காட்டுகிறார்கள். ஆவி கனமாக வருவது உண்மைதான். கனமாக வருவதற்குக் காரணம் அதில் புகையும் கலந்திருப்பது. எரிக்காமல் இழுக்கத்தான் இத்தனை விலை கொடுத்து வாங்கினார்கள். கடைசியில் அதை எரிக்கும் கருவியாகவே மாற்றிவிட்டு, பாதுகாப்பானதை இழுப்பதாக நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இந்தத் துறையில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

மின்கலம் உயிரோடு சம்பந்தப்பட்டது. பல கருவிகளில் இருப்பது 18650 என்ற லித்தியம் செல், 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். நல்ல நிறுவனங்களின் செல்லில் 3500 மில்லியாம்பியர்-மணியைச் சுற்றித்தான் கொள்ளளவு நிற்கும். பசார் மாலாமிலும் இணையத்திலும் 9900 என்று அச்சிட்டு விற்பது பச்சைப் பொய். பழைய மடிக்கணினியிலிருந்து பிடுங்கிய செல்லுக்குப் புதுச்சட்டை போட்டு விற்பதும் உண்டு. சட்டைப்பையில் சில்லறைக் காசோ சாவிக்கொத்தோ கிடக்க, அதோடு தனிச் செல்லைப் போட்டால் இரு முனையும் இணைந்து தீப்பிடிக்கும். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2009 முதல் 2016 வரை மின் சிகரெட் தீ, வெடிப்புச் சம்பவங்கள் 195-ஐப் பதிவு செய்தது. அவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று சட்டைப்பையிலோ கால்சட்டைப்பையிலோ நடந்தவை. இன்னொரு மூன்றில் ஒன்று பயன்படுத்திக்கொண்டிருந்தபோது நடந்தவை. 2018 மே மாதம் புளோரிடாவில் கருவி இப்படி வெடித்து ஒருவர் உயிரிழந்தார். அவர் வைத்திருந்தது பாதுகாப்புச் சில்லு இல்லாத, மின்கலத்தை நேரடியாக இணைக்கும் வகை. கருவியின் சில்லைத் தாண்டி நேர்க்கம்பி கொடுப்பவர் அதே வகையைத் தன் கையால் செய்துகொள்கிறார்.

மின்கலமே இல்லாத கருவியும் உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சினில் செய்யப்படும் டைனாவேப் ஓர் உலோகக் குச்சி. லைட்டரால் மூடியைச் சுட்டால், இரட்டை உலோகத் தகடு அளவுச் சூட்டில் வளைந்து 'டிக்' என்று ஒலிக்கும். அந்த ஒலிக்குப் பிறகும் சுட்டுக்கொண்டே போனால் இலை எரியும். எளிமையான, அழகான வடிவமைப்பு. அதிலும் டிக் ஒலித்த பிறகு இன்னும் மூன்று விநாடி சுடுவதுதான் ஆண்மை என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாத திரவம்

இலைக் கருவியையும் திரவ வேப்பையும் ஒரே மூட்டையில் கட்டுவது சரியல்ல. இலையைக் கண்ணால் பார்க்கலாம், முகரலாம். திரவத்தில் என்ன கலந்திருக்கிறது என்று விற்பவருக்கே பல நேரம் தெரியாது. 2019-இல் அமெரிக்காவில் வேப் இழுத்த பலருக்கு நுரையீரல் திடீரென்று பழுதானது. 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள் அல்லது இறந்தார்கள், இறந்தவர்கள் 68 பேர். அவர்கள் இழுத்தது பெரும்பாலும் கள்ளச்சந்தைக் கஞ்சா எண்ணெய். அதைக் கனமாகக் காட்டக் கலந்த வைட்டமின் ஈ அசிடேட்தான் முதன்மைக் குற்றவாளி என்று கண்டார்கள். தோலில் பூசலாம், விழுங்கலாம், சுவாசிக்கக் கூடாது என்று ஒரு பொருள் இருப்பதை இத்தனை உயிர் கொடுத்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.

இங்கும் செயற்கைக் கஞ்சாப் பொருள் கலந்த வேப் திரவம் பிடிபடும் செய்திகள் தொடர்ந்து வருகின்றன. செயற்கைக் கஞ்சா என்றால் கஞ்சாச் செடியின் சாறு என்று பலர் நினைக்கிறார்கள். செடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆய்வகத்தில் செய்த வேதிப்பொருள் அது. மூளையில் அதே கதவைத் தட்டுகிறது, பல மடங்கு பலமாக. மில்லிகிராம் கணக்கில் கூடினாலே வலிப்பு வரும், இதயம் நிற்கும். அதைக் காய்ந்த இலையின் மேல் தெளித்தும் விற்கிறார்கள். அப்போது "வெறும் இலைதான்" என்ற பேச்சும் செல்லாது.

சட்டம் பார்க்கும் கண்

மலேசியாவில் கஞ்சா இன்றும் 1952-ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டத்தின் கீழ்தான் இருக்கிறது. 200 கிராமோ அதற்கு மேலோ கையிலிருந்தால் கடத்தல் என்றே சட்டம் அனுமானிக்கும். 2023 ஜூலை 4-ஆம் தேதி முதல் கட்டாய மரண தண்டனை நீங்கிவிட்டது, மரண தண்டனை நீங்கவில்லை. நீதிபதி தேர்ந்தெடுக்கலாம் என்பது மட்டுமே மாற்றம், மாற்றுத் தண்டனை நெடுங்காலச் சிறையும் பிரம்படியும். 50 கிராமைத் தொட்டாலே ஐந்தாண்டுக்குக் குறையாத சிறையும் பிரம்படியும் உண்டு. சிறு அளவுக்கும் சிறை உண்டு. கையில் ஒன்றும் இல்லாமல் சிறுநீரில் இருந்தாலும் வழக்கு உண்டு. முன்பு சொன்ன பழுப்புப் பிசின் நினைவிருக்கட்டும். காலியாக இருக்கும் கருவி காலியானதல்ல. வேதியியல் ஆய்வகத்துக்கு அந்தப் படிவு போதும்.

தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தபோது ஹாட்யாய் போய்வந்தவர்கள் எத்தனை பேர்! அங்கே கடையில் வாங்கியது எல்லையின் இந்தப் பக்கம் குற்றம். 2025 ஜூனில் தாய்லாந்தே மருத்துவச் சீட்டு வேண்டும் என்று இறுக்கிவிட்டது. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே 2018 பிப்ரவரி முதல் வேப் கருவியை வைத்திருப்பதே குற்றம். 1,017.9 கிராம் கஞ்சா கடத்தலுக்கு உடந்தை என்ற குற்றச்சாட்டில் தங்கராஜு சுப்பையா 2023 ஏப்ரல் 26 அன்று அங்கே தூக்கிலிடப்பட்டார். அவர் கை அந்தக் கஞ்சாவைத் தொட்டதாக வழக்கு சொல்லவில்லை. தமிழ்நாட்டுக்குக் கல்யாணத்துக்கோ கோயிலுக்கோ போகிறவர்களும் பெட்டியில் இதை வைக்க வேண்டாம். இந்தியா 2019-இல் மின் சிகரெட்டுகளோடு எரிக்காமல் சூடாக்கும் கருவிகளின் இறக்குமதியையும் விற்பனையையும் தடை செய்துவிட்டது.

கஞ்சாவை விடுங்கள், நிகோட்டினுக்கு வருவோம். மலேசியாவில் 2023 மார்ச் 31 அன்று திரவ நிகோட்டின் நச்சுப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது, வரி போடுவதற்காக. புகைப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் புதிய சட்டம் 2024 அக்டோபர் 1-ஆம் தேதிதான் நடப்புக்கு வந்தது. இடைப்பட்ட ஒன்றரை ஆண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைக்கு நிகோட்டின் திரவம் விற்பதைத் தடுக்கச் சட்டத்தில் வழியே இல்லாமல் இருந்தது. நம் தாமான்களில் 14 வயதுப் பிள்ளைகள் பழ வாசனைத் திரவத்தைப் பிடித்துக்கொண்ட காலம் அதுதான். அந்த ஒன்றரை ஆண்டை நான் மன்னிக்கத் தயாரில்லை. புதிய சட்டம், அதாவது 852-ஆம் எண் சட்டம், 18 வயதுக்குக் கீழ் விற்பதைத் தடுக்கிறது. கடையில் காட்சிக்கு வைப்பதை 2025 ஏப்ரல் முதல் தடுக்கிறது. 2007-இலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு எக்காலத்திலும் விற்கக் கூடாது என்று முதலில் எழுதியிருந்த பிரிவு மட்டும் நிறைவேறும் முன்பே கழற்றப்பட்டது. கிளந்தான், ஜொகூர் மாநிலங்கள் வெகுமுன்பே வேப் விற்பனையைத் தடுத்தன. திரங்கானு 2025 ஆகஸ்டில் சேர்ந்துகொண்டது.

பெற்றோருக்கு என் வேண்டுகோள் ஒன்று. பிள்ளையின் பையில் இந்தப் பெட்டி கிடைத்தால் முதல் வேலையாகச் சுவரில் அடித்து உடைக்காதீர்கள், உள்ளே லித்தியம் செல் இருக்கிறது. உட்கார வைத்துக் கேளுங்கள்: இதில் எதைப் போட்டாய்? எங்கே வாங்கினாய்? யார் கொடுத்தது? எதைப் போட்டான் என்பதைப் பொறுத்துத்தான் அடுத்து என்ன செய்வது என்பது இருக்கிறது. புகையிலையோ நிகோட்டினோ என்றால் பக்கத்து அரசாங்கக் கிளினிக்கிலேயே புகைப்பழக்கத்தை நிறுத்த உதவும் பிரிவு இருக்கிறதா என்று கேளுங்கள். சுகாதார அமைச்சின் எம்குவிட் சேவை கிளினிக்குகளிலும் மருத்துவமனைகளிலும் தனியார் இடங்களிலும் நடக்கிறது. நிகோட்டின் பட்டை, மென்று சுவைக்கும் கம், பேச்சு ஆலோசனை எல்லாம் அதில் உண்டு. தெரியாத திரவத்தையோ தெளித்த இலையையோ இழுத்து, பிள்ளை குழம்பிப் பேசினாலோ வலிப்பு வந்தாலோ நெஞ்சு படபடத்தாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம். மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு நேரே போங்கள், கருவியையும் எடுத்துப்போங்கள். போலீஸுக்குத் தெரிந்துவிடுமோ என்று பயந்து மருத்துவரிடம் மறைத்தால் எதற்கு மருந்து கொடுப்பது என்று அவருக்கே தெரியாது.

தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் கோயில் நிர்வாகங்களுக்கும் ஒரு சொல். அடுத்த முறை போதை ஒழிப்பு நிகழ்ச்சி நடத்தும்போது மாலை போட்டு, படம் எடுத்து, அரைமணி நேரத்தில் முடித்துவிடாதீர்கள். தமிழ் பேசும் ஒரு மருந்தாளரை, தமிழ் பேசும் ஒரு வழக்கறிஞரை, மின்கலம் தெரிந்த ஒரு பழுதுகாரத் தம்பியை ஒரே மேசையில் உட்கார வையுங்கள். ஒரு பெட்டியைப் பிள்ளைகள் கண்முன்னே கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். அந்தப் பழுப்புப் பிசினையும் கடுகளவு உணர்கம்பியையும் அவர்கள் நேரில் பார்க்கட்டும், வாய்க்கு வந்த கேள்வியைக் கேட்கட்டும். கேள்விக்குப் பதில் சொல்லக்கூடியவர்கள் சிரம்பானிலேயே இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.